புயல் போன பின் மிஞ்சும் குவியல்

2024 டிசம்பர் முதல் வாரத்தை நம் பக்கத்துக்காரர்கள் சுலபத்தில் மறக்க மாட்டார்கள். நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிய ஃபெஞ்சல் புயல், கடலோரத்தோடு நிற்காமல் உள்ளே வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏற்காட்டு மலைப்பாதையில் மண்சரிவு. திருமணிமுத்தாறு சேலத்துக்குள் பெருக்கெடுத்தது. "புயல் என்றால் நாகப்பட்டினம், கடலூர், நமக்கென்ன?" என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அந்த வாரம் வாயை மூடிக்கொண்டேன்.

மழை விட்ட மூன்றாம் நாள் சேலத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஓடைப் பாலம் ஒன்றின் அருகே சற்று நேரம் நின்றேன். பாலத்தின் கண்களை அடைத்துக்கொண்டு ஒரு குவியல். வேரோடு வந்த முருங்கை, வாழைத்தண்டு, தெர்மகோல், பழைய மெத்தை, உடைந்த சிமென்ட் ஷீட், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஜேசிபி அதை வாரி டிப்பரில் போட்டுக்கொண்டிருந்தது. "எங்கீங்க கொண்டு போறீங்க?" என்று ஓட்டுநரைக் கேட்டேன். "எங்க எடம் இருக்குதோ அங்கதானுங்க" என்றார்.

முப்பது வருஷத்துக்கும் மேல் நகராட்சி சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அந்தப் பதில் எனக்குப் புதிதல்ல. நானே பலமுறை சொன்ன பதில். அதைச் சொன்னதால் என்ன ஆனது என்பதையும் பார்த்தவன். புயலைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அது தள்ளிவிட்டுப் போனதை எங்கே போட்டோம், போட்ட இடத்தில் பிறகு என்ன நடந்தது என்று எழுதுவோர் குறைவு. எனக்குத் தெரிந்த அளவில் அதை எழுதி வைக்கிறேன்.

முதலில் 1977க்குப் போக வேண்டும். நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயல் அது. அடுத்த வாரமே, 19ஆம் தேதி, ஆந்திராவின் திவிசீமையில் இன்னொரு புயல் பத்தாயிரம் பேரை விழுங்கிவிட்டதால், நம் புயலைத் தமிழ்நாட்டிலேயே பலர் மறந்துவிட்டார்கள். ஆனால் திருச்சி, கரூர்க்காரர்கள் மறக்கவில்லை. வேடசந்தூர் பக்கம் குடகனாறு அணை உடைந்தது. அமராவதியில் வெள்ளம் வந்தது. திருச்சி நகரம் தண்ணீரில் நின்றது.

அப்போது எனக்கு இருபது வயது. என் அம்மா பிறந்த ஊர் காட்டுப்புத்தூருக்குப் பக்கம், காவிரியின் வடகரை. மாமாவின் வாழைத்தோட்டம் சாய்ந்துவிட்டது என்று சேதி வந்து, அப்பாவும் நானும் நாமக்கல்லிலிருந்து போனோம். பூவன் வாழை ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. கொடிக்காலில் அகத்தி மரங்களெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. அமராவதி வந்து கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே என்பதால், காவிரியில் மரங்கள் மிதந்து வந்தன. ஆண்பிள்ளைகள் கயிறும் கொக்கியும் வைத்துக்கொண்டு கரையில் நின்று அவற்றை இழுத்துப் போட்டார்கள்.

இப்போது நினைத்துப் பார்க்கும்போது என்னை ஆச்சரியப்படுத்துவது அந்தச் சேதம் அல்ல. ஒரு மாதம் கழித்து நான் மறுபடி போனபோது அங்கே குப்பை என்று எதுவும் இல்லை என்பதுதான். வாழை இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போனது. பிஞ்சுத்தார் சமையலுக்கு. மட்டை உரித்துக் காயவைத்தது நார் கிழிக்க. மீதித் தண்டு துண்டு துண்டாகி எருக்குழிக்குள். அகத்திக் கட்டை அடுப்புக்கு. ஆற்றில் வந்த மரத்தில் நல்லது உத்தரத்துக்கும் ஏருக்கும், மற்றது விறகுக்கு. இடிந்த சுவரின் மண்ணையே மிதித்துக் குழைத்து அதே சுவரை எழுப்பினார்கள். ஓலை மக்கியது தென்னங்குழிக்கு. விழுந்த பொருளுக்கு ஆள் போட்டியிட்டார்கள். "புயல் கழிவு" என்று தனியாக ஒரு சொல் தேவைப்படவில்லை.

இதைச் சொல்லும்போது அந்தக் காலம் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். வறுமையால் அப்படி இருந்தது. அடுப்பெரிக்கச் சுள்ளி கிடைக்காமல் பெண்கள் மைல் கணக்கில் நடந்த காலம் அது. ஒரு மரம் விழுந்தால் ஊருக்கே ஒரு மாத விறகு. தேவை இருந்தது, அதனால் கழிவு இல்லை. அவ்வளவுதான்.

பிறகு பத்துப் பதினைந்து வருஷத்தில் எல்லாம் மாறியது. நகரத்து வீடுகளுக்குக் கேஸ் அடுப்பு வந்தது. ஓலைக்கூரை போய் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வந்தது. மண்சுவர் போய் சிமென்ட். நம் பக்கத்தில் கோழிப்பண்ணைகள் பெருகியபோது ஷீட் கூரையும் கூடவே பெருகியது. மரத்தூண் போய் கான்கிரீட் மின்கம்பம். எல்லாவற்றோடும் பிளாஸ்டிக். இவற்றில் ஒன்று உடைந்தால் ஆட்டுக்குப் போட முடியாது, எருக்குழியில் தள்ள முடியாது, அடுப்பில் வைக்க முடியாது. விழுந்த மரத்தையும் கேட்க ஆளில்லை. காற்று அதே காற்றுதான். விழுந்ததை வாங்கிக்கொள்ள ஊருக்குள் கை இல்லாமல் போனது. அந்த வேலை நகராட்சி உரக்கிடங்குக்கு வந்து சேர்ந்தது.

உரக்கிடங்கு என்று பெயர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் குப்பையையும் மலத்தையும் அடுக்கடுக்காகப் போட்டு உரமாக்கி விவசாயிகளுக்கு விற்ற இடம். நான் 1981இல் வேலைக்குச் சேர்ந்தபோதும் விற்றுக்கொண்டிருந்தோம். பிளாஸ்டிக் கலக்க ஆரம்பித்ததும் விவசாயி வாங்குவதை நிறுத்திவிட்டார். பெயர் மட்டும் நின்றது. குப்பை வந்து வந்து மேடானது.

இனி எழுதப்போவது எனக்குச் சுலபமில்லை.

1994 மே மாதம். ஊர் பெயர் வேண்டாம். நம் பக்கத்து நகராட்சிதான். கோடைமழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று உங்களுக்குத் தெரியும். மேற்கே கருக்கட்டி, புழுதி எழும்பி, அரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடும். அன்று பேருந்து நிலையத்து வாகை, பள்ளிக்கூடத்து வேம்பு, சந்தைப்பேட்டைப் புளி என்று அறுபது எழுபது மரங்கள் விழுந்தன. மாரியம்மன் பண்டிகைக்குப் பூச்சாட்டு நெருங்கிவிட்டது. தேர் வரும் வீதி சுத்தமாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மூன்று நாளில் முடித்தோம். பெரிய கட்டைகளை ஏலம் விட்டோம். கிளை, தழை, இடிசல், ஓட்டுத்துண்டு, சந்தைக் குப்பை எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றி உரக்கிடங்கில் ஒரே இடத்தில் கொட்டினோம். இடம் போதவில்லை. டிராக்டரை மேலே ஏற்றி மிதித்து அழுத்தி, இன்னும் கொட்டினோம். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் வந்தது. நேரத்தில் முடித்ததற்கு என்னைப் பாராட்டினார்கள். பண்டிகை நன்றாக நடந்தது.

இருபது நாள் கழித்து, ஒரு விடியற்காலை குவியலின் நடுவிலிருந்து ஆவி மாதிரி ஏதோ எழும்பியது. பனி என்று நினைத்தோம். மத்தியானம் அது புகையானது. லாரித் தண்ணீர் கொண்டுவந்து மேலே அடித்தோம், அடங்கியது. மறுநாள் இன்னொரு பக்கம் புகைந்தது. மூன்றாம் நாள் இரவு காற்று திரும்பி, பக்கத்துக் குடியிருப்புக்குள் புகை போய்விட்டது. குழந்தைகள் இருமுகிறார்கள் என்று சனங்கள் வந்து நின்றுவிட்டார்கள். மேலே ஏறி மண் கொட்டி மூடலாம் என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். துப்புரவுப் பணியாளர் நான்கு பேர் மண்கூடையோடு ஏறினார்கள். காலில் ரப்பர் செருப்பு.

குவியலின் மேல்தோடு கெட்டியாக இருந்தது. உள்ளே எரிந்து கூடாகிக் கிடந்தது எங்களுக்குத் தெரியவில்லை. ஒருவருடைய வலது கால் முழங்கால்வரை உள்ளே இறங்கிவிட்டது. கீழே இருந்தது தணல். மற்றவர்கள் அவரைத் தூக்கி எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பத்து விநாடிகூட இராது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். கால் தப்பியது. நடை திரும்பவில்லை.

தீ விபத்துக்குக் காரணம் என்ன என்று அறிக்கை எழுத வேண்டியிருந்தது. "பணியாளர் எவரோ அணைக்காமல் எறிந்த பீடித்துண்டு" என்று எழுதினேன். எனக்கு அது பொய் என்று தெரியாது. ஆனால் உண்மை என்றும் தெரியாது. வேறு காரணம் தோன்றவில்லை, அதனால் எழுதினேன். அந்த ஒரு வரி, காயம்பட்டவர் உள்பட நான்கு பேரின் பதிவேட்டிலும் ஏறியது.

2000ஆம் ஆண்டு மத்திய அரசு நகராட்சித் திடக்கழிவு விதிகளைக் கொண்டுவந்தது. குப்பையையும் சருகையும் எரிக்கக் கூடாது, தரம் பிரிக்க வேண்டும் என்று முதன்முதலாகச் சட்டத்தில் எழுதியது அதில்தான். அதற்காக எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். பாடம் எடுத்தவர் ஒரு கேள்வி கேட்டார்: "உங்களில் யார் வீட்டிலாவது ஈரக் கடலைக்கொடியைப் போர் போட்டது உண்டா?" பாதிப் பேர் கை தூக்கினோம். "என்ன ஆகும்?" "சூடேறுங்க." "அப்புறம்?" "சில சமயம் பத்திக்கும்." "யார் பத்த வைத்தது?"

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா போர் போட்ட இரண்டாவது வாரம் நீளக் கடப்பாரையை அதன் வயிற்றில் செருகிவிட்டுப் போவார். அரை மணி கழித்து உருவி, நுனியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். கை பொறுக்காத சூடு என்றால் அன்றே போரைப் பிரித்து ஆறப்போட்டுவிடுவார். சிறுவயதில் எத்தனை முறை அந்தக் கடப்பாரையை நான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்! உரக்கிடங்கின் குவியலும் ஒரு போர்தான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

நடப்பது இதுதான். பச்சைத் தழையிலும் ஈர மரத்திலும் நுண்ணுயிர்கள் வேலை செய்ய ஆரம்பித்ததும் சூடு பிறக்கும். சிறு குவியல் என்றால் சூடு வெளியே போய்விடும். பெரிய குவியலில் போக வழியில்லை. அழுத்தி மிதித்தால் இன்னும் மோசம். சூடு எழுபது டிகிரியைத் தொட்டால் நுண்ணுயிரே செத்துவிடும். ஆனால் அதற்குள் மரமே காற்றோடு சேர்ந்து தானாகச் சூடேறத் தொடங்கியிருக்கும். உள்ளே காற்று குறைவு என்பதால் கொழுந்துவிடாது. கரிமூட்டம் மாதிரி நாள்கணக்கில் கனியும். மேலே ஊற்றும் தண்ணீர் ஓட்டை வழியாக ஓடிவிடும், தணலைத் தொடாது. அவசரப்பட்டுத் தோண்டினால் காற்று புகுந்து குப்பென்று பிடிக்கும். எரிந்த இடம் கூடாகும். அதன்மேல் மனிதன் ஏறக்கூடாது. தள்ளி நின்று, இயந்திரத்தால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பரப்பி, பரப்பியதை நனைத்து ஆற்ற வேண்டும்.

பயிற்சி முடிந்து ஊர் திரும்பியதும் அந்தப் பணியாளர் வீட்டுக்குப் போனேன். "அன்னைக்குத் தீ பீடியால வரலைப்பா. நான் எழுதினது தப்பு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் பீடியே குடிக்க மாட்டேனுங்க சார். அப்பவே சொன்னேன், நீங்க கேக்கலீங்க" என்றார். திருத்த அறிக்கை ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஆறு வருஷம் தாமதமாக.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு புயலையும் நான் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர்ப் பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2016 டிசம்பர் 12இல் வர்தா சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைத் தள்ளியது. தெருவோரங்களில் கிளைகள் வாரக்கணக்கில் கிடந்தன. கொடுங்கையூரும் பெருங்குடியும் ஏற்கெனவே மலையாகிவிட்ட குப்பைமேடுகள். வர்தா அடித்த பத்தாம் நாள், டிசம்பர் 22இல், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு நாடு முழுவதும் தடை விதித்து, எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்றது. புயலுக்காகப் போட்ட உத்தரவல்ல அது. ஆனாலும் விழுந்த மரத்தைக் கொளுத்தி முடிக்கும் பழைய குறுக்குவழி சட்டப்படி அடைபட்டது. கொளுத்தாவிட்டாலும் மேடுகள் எரிந்தன. 2022 ஏப்ரலில் பெருங்குடி எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் பத்து நாளுக்கு மேல் புகைந்து, அந்த நகரத்தையே முகமூடி போட வைத்தது. அவை தினசரிக் குப்பையின் தீ. புயல் மரம் அங்கே போய்ச் சேர்ந்தால் அதற்கு விறகு வைத்த மாதிரி.

எனக்குத் தீயைப் பற்றித் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது. அந்த எண்ணத்தையும் ஒரு புயல் உடைத்தது. கஜா.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா கரையேறியது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஆட்கள் போய் மாதக்கணக்கில் வயலில் நின்று வேலை செய்தார்கள். லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. என் மகளைக் கொடுத்த இடம் பேராவூரணிப் பக்கம். சம்பந்திக்கு இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு. 170 மரத்தில் 120 போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தோப்புக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க சம்பந்தி. நிழலில்லாம உட்காரப் பழகிக்கிட்டிருக்கேன்" என்றார்.

அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது: இழப்பீடு 600, வெட்டி அகற்ற 500. அகற்றத் தனியாகப் பணம் ஒதுக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். 1977இல் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். விழுந்த மரத்தை எடுத்துப் போகவே காசு கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அந்த 500 ரூபாயும் போதவில்லை. தென்னை லேசில் பிளக்காது, ரம்பத்தை மழுக்கும், பச்சையாக இருக்கும்போது ஒரு மரத்தைப் புரட்ட நான்கு ஆள் வேண்டும். எல்லாத் தோப்பிலும் ஒரே நேரத்தில் மரம் கிடந்ததால் வாங்குவோரும் இல்லை.

நான் என் அனுபவத்தைக் காட்டினேன். "ஒரேயடியா உயரமாக் குவிக்காதீங்க, சூடேறிடும். நிழலா, ஓரமா, வரப்பு மேல வரிசையா அடுக்குங்க" என்றேன். கூட நின்று அடுக்கிக் கொடுத்தேன். தீ வரவில்லை. என் கணக்கு அதுவரை சரி.

மறுவருஷம் அவர் ஊன்றிய தென்னங்கன்றுகளின் குருத்து, கத்தரியால் வெட்டிய விசிறி மாதிரி விரிந்தது. தப்பி நின்ற 50 மரத்திலும் அதே அடையாளம். வேளாண்மைத் துறையிலிருந்து வந்த அலுவலர் மரத்தைப் பார்க்கவில்லை. நேராக என் வரிசைக்குப் போனார். ஒரு கட்டையை மண்வெட்டியால் பிளந்தார். கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள். காண்டாமிருக வண்டு. அது முட்டையிடுவது உயிர்மரத்தில் அல்ல. மக்கும் தென்னங்கட்டையிலும் எருக்குழியிலும். வளர்ந்து வண்டான பிறகுதான் குருத்தைத் தேடிப் போகும். அது போட்ட காயத்தின் வழியாகச் சிவப்புக் கூன்வண்டு நுழைந்தால் மரமே போய்விடும். நிழலாக, ஓரமாக, வரிசையாக நான் அடுக்கிக் கொடுத்தது வண்டுக்குத் தொட்டில்.

பிறகு வாடகைக்குத் தூளாக்கும் இயந்திரம் கொண்டுவந்தார்கள். கட்டை உள்ளே போய்ச் சிராய்த்தூளாக வெளியே வந்தது. நாலு வண்டி மரம் ஒரு வண்டித் தூளாகிவிடும் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. தூளைக் கன்றுகளின் பாத்தியில் தூரை ஒட்டாமல் மெல்லிசாகப் பரப்பினார்கள். எருக்குழியில் பச்சை மஸ்கார்டின் பூஞ்சை கலந்தார்கள். அது புழுவைப் பிடித்துக் கொல்லும். தோப்பில் ஆமணக்குப் புண்ணாக்கு ஊறவைத்த பானைகள் வைத்து வண்டுகளை இழுத்தார்கள். கன்றுகளில் பாதி பிழைத்தது. இன்று காய்க்கத் தொடங்கியிருக்கிறது.

இந்த இரண்டு தவறுகளிலிருந்தும் எனக்குக் கிடைத்த பாடம் ஒன்றுதான். விழுந்த பொருள் கிடக்கும்வரை புயல் முடியவில்லை. கண்ணிலிருந்து மறைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். குவியல் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஓரிடத்தில் தணலாக, ஓரிடத்தில் புழுவாக, ஓடையில் போட்டால் அடுத்த வெள்ளத்துக்கு அணையாக.

2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் ஹிகாஷிமாட்சுஷிமா என்ற சிறு நகரத்தில் என்ன செய்தார்கள் என்று படித்தேன். 2003இல் ஒரு நிலநடுக்கத்தின்போது எல்லாவற்றையும் கலந்து கொட்டி அவதிப்பட்ட ஊர் அது. அந்த அனுபவத்தால், இந்த முறை மரம், கான்கிரீட், இரும்பு, மெத்தை என்று முதல் நாளிலிருந்தே தனித்தனியாகப் போடவைத்தார்கள். மீதியைப் பிரிக்க, வேலையிழந்த உள்ளூர் மக்களையே கூலிக்கு அமர்த்தினார்கள். மிகப் பெரும்பகுதி மறுபடி பயன்பட்டது. அது பணக்கார நாடு என்று சொல்லலாம். ஆனால் செய்த வேலை 1977இல் என் மாமா வீட்டில் செய்ததுதான். கலக்காமல் வைத்தார்கள், அவ்வளவே.

நம் சமவெளிக்கு இது எப்படிப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லி முடிக்கிறேன்.

புயலுக்கு முன்பே ஒவ்வொரு ஊரும் ஓரிடத்தைக் குறித்து வைக்க வேண்டும். ஏரியும் ஓடையும் கிணற்றடியும் அதற்கு ஆகாது. சேலத்தில் திருமணிமுத்தாற்றில் தள்ளியது நாமக்கல் மாவட்டம் வழியாக நஞ்சை இடையாறு வந்து காவிரியில் சேரும். மேலே இருப்பவர் கொட்டினால் கீழே இருப்பவர் வாரவேண்டும். குறித்த இடம் தினசரிக் குப்பைமேடாகவும் இருக்கக் கூடாது. பழைய குப்பையின் மேல் பச்சைத் தழையைப் போட்டதுதான் நான் செய்த முதல் தப்பு.

வண்டி உள்ளே நுழையும்போதே தழை, கட்டை, இடிசல், இரும்பு என்று இடம் பிரித்துக் காட்ட ஓர் ஆள் நிற்க வேண்டும். பூச்சிமருந்து டப்பா, பேட்டரி, டியூப் லைட் தனி. செத்த கோழியும் ஆடும் அன்றே சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும், நீர்நிலைக்குத் தள்ளி. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்து நொறுக்கி ஏற்றுவதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நோய் இருபது முப்பது வருஷம் கழித்துத் தெரியும். உடைக்காமல், நனைத்து, தார்ப்பாயில் சுற்றித் தனியாக வைக்க வேண்டும். நம் பண்ணைகளில் எத்தனை ஆயிரம் ஷீட் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

தழையையும் கட்டையையும் சீக்கிரம் தூளாக்கி, ஆள் உயரத்துக்கு மேல் போகாமல் நீளவாட்டில் பாத்தி போட வேண்டும். பாத்திகளுக்கு நடுவே வண்டி போக வழி. வாரம் ஒருமுறை புரட்ட வேண்டும். மரத்தூள் தானாக மக்கக் காலம் பிடிக்கும், தழைச்சத்து அதில் குறைவு. அந்தத் தழைச்சத்து நம்மிடம் மலையாகக் கிடக்கிறது: கோழி எரு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தென்னை நார்க்கழிவோடு கோழி எருவைச் சேர்த்து உரமாக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறது. சூறைக்காற்றில் விழும் மோகனூர், பரமத்தி வேலூர் வாழைக்கும் இந்த வழி உண்டு. தண்டை வயலில் விட்டால் கூன்வண்டு சேரும் என்பது வாழை வைத்தவருக்குத் தெரியும். வாடல் நோய் கண்ட மரத்தை மட்டும் இதில் கலக்கக் கூடாது.

கடைசியாக, அங்கே வேலை செய்யும் மனிதருக்குக் காலில் பூட்ஸ், கையில் உறை, மூக்குக்கு முகமூடி. புகை வந்தால் யாரும் குவியல் மேல் ஏறக்கூடாது. இதை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். ஏறச் சொல்பவர் படித்தவராக இருந்தாலும் கேட்கக் கூடாது என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

அப்பாவின் கடப்பாரை இன்னும் என் வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து நிற்கிறது. ஃபெஞ்சலுக்குப் பிறகு எங்கள் தெருக்கோடியில் தழையும் கிளையும் கொட்டியிருந்தார்கள். பத்தாம் நாள் அதை எடுத்துப் போய்க் குவியலில் செருகினேன். பெயரனுக்கு வேடிக்கை. அரை மணி கழித்து உருவித் தொட்டுப் பார்த்தேன். சூடு பொறுக்கவில்லை. வார்டு ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுநாள் காலையில் வந்து பிரித்துப் போட்டார்கள்.